ஐந்து நிறத்தில் ஒரு பந்து: விளையாட்டு வழிச் சிறுவர் ஊழியம் பற்றி ஓர் எளிய அறிமுகம்

கிறிஸ்தவச் சிறுவர் ஊழியத்தில் புழங்கும் பொருள்களில் ஒன்று ஐந்து நிறக் கால்பந்து. பொன்னிறம், கறுப்பு, சிவப்பு, வெள்ளை, பச்சை. பார்த்தால் வெறும் அலங்காரம் போல இருக்கும். ஆனால் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு பாடம் உண்டு. பொன் என்றால் பரலோகம், கறுப்பு என்றால் பாவம், சிவப்பு இயேசுவின் இரத்தம், வெள்ளை மன்னிப்புப் பெற்ற மனம், பச்சை விசுவாசத்தில் வளர்வது. 1866-ல் லண்டன் பிரசங்கியார் சார்லஸ் ஸ்பர்ஜன் கறுப்பு, சிவப்பு, வெள்ளை என மூன்று நிறத் தாள்களை வைத்துச் சொன்ன விளக்கம்தான் இதற்கு மூலம். பொன்னும் பச்சையும் பிற்பாடு சேர்ந்தன. எழுத்தே இல்லாத புத்தகமாக உலகம் சுற்றிய அந்தப் பாடம் பிறகு பந்தின் மேலும் ஏறிக்கொண்டது. ஆட்டம் முடிந்ததும் பயிற்சியாளர் பந்தைக் கையில் எடுத்து, ஒவ்வொரு நிறமாகத் திருப்பித் திருப்பிக் கதை சொல்வார். வியர்வை காயாத பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள்.

இதைத்தான் விளையாட்டு ஊழியம் என்கிறார்கள். கால்பந்து, கிரிக்கெட், கூடைப்பந்து என்று ஏதாவது ஓர் ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்து, அந்தப் பழக்கத்தின் வழியே சிறுவர்களுக்கு இயேசுவைப் பற்றிச் சொல்வது. நடத்துவது ஒரு சபையாக இருக்கலாம், தனி மிஷன் அமைப்பாக இருக்கலாம், பள்ளிக்கூடமாகவும் இருக்கலாம். கிறிஸ்தவரல்லாத ஒருவர் இதைக் கேள்விப்பட்டால், "மதம் மாற்றத்தானே இவ்வளவும்?" என்பார். சபைக்குள் இருக்கும் பெரியவரோ, "பந்து உதைப்பதெல்லாம் எப்படி ஊழியம் ஆகும்?" என்பார். இரண்டுமே நியாயமான கேள்விகள். ஆட்டத்தை ஆட்டமாக மதித்து நடத்துகிறார்களா, தூண்டிலில் மாட்டிய புழுவாக வைத்திருக்கிறார்களா என்று பார்த்தால் இரண்டுக்கும் பதில் கிடைத்துவிடும் என்பது என் எண்ணம். இனி சொல்லப்போவதெல்லாம் அதைச் சுற்றித்தான்.

ஆடக்கூடாது என்றவர்கள் ஆடச் சொன்ன கதை

விளையாட்டும் சபையும் எல்லாக் காலத்திலும் ஒத்துப்போயின என்று சொல்ல முடியாது. இங்கிலாந்தில் 1618-ல் முதலாம் ஜேம்ஸ் மன்னர், ஞாயிறு ஆராதனை முடிந்த பிறகு மக்கள் நடனம், வில்வித்தை, தாண்டுதல் போன்றவற்றில் ஈடுபடலாம் என்று ஓர் அறிவிப்பு வெளியிட்டார். ஓய்வுநாளில் ஆட்டமா என்று, கடுமையான ஒழுக்கத்தை வலியுறுத்திய புராட்டஸ்டண்ட் பிரிவினரான பியூரிட்டன்கள் கொதித்தார்கள். அவர்கள் கை ஓங்கியபோது, 1643-ல், அந்த அறிவிப்பின் பிரதிகளைப் பொது இடத்தில் எரிக்கும்படி நாடாளுமன்றம் உத்தரவிட்டது. இத்தனைக்கும் வேதாகமத்தில் உள்ள அப்போஸ்தலர் பவுலின் நிருபங்களில் (கடிதங்களில்) ஓட்டப்பந்தயம் வருகிறது, குத்துச்சண்டை வருகிறது, வெற்றி வாகை வருகிறது. கிரேக்க நகரமான கொரிந்துக்குப் பக்கத்திலேயே இஸ்த்மியன் விளையாட்டுப் போட்டிகள் நடந்துவந்ததால், பந்தயத்தைப் பற்றிப் பேசினால் கொரிந்தியருக்குச் சட்டென்று புரியும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

மனநிலை மாறியது 19-ஆம் நூற்றாண்டில்தான். தொழிற்சாலை நகரங்களில் பையன்கள் தெருவில் திரிந்தார்கள். நல்ல உடலும் நல்ல ஒழுக்கமும் சேர்ந்ததே நல்ல கிறிஸ்தவ வாழ்க்கை என்ற சிந்தனை 1850-களில் இங்கிலாந்தில் பரவியது. ஞாயிறு பள்ளிப் பையன்களுக்காகவும் சபை இளைஞர்களுக்காகவும் போதகர்கள் ஆட்டக் குழுக்களைத் தொடங்கினார்கள். இன்று கோடிக்கணக்கான பணம் புரளும் சில கால்பந்து கிளப்புகளின் பிறப்பு இப்படித்தான். ஆஸ்டன் வில்லா (1874) ஒரு மெத்தடிஸ்ட் தேவாலய வாலிபர்களிடமிருந்து வந்தது. எவர்ட்டன் (1878) லிவர்பூலின் செயின்ட் டொமிங்கோ மெத்தடிஸ்ட் தேவாலயத்துப் பையன்களின் குழு. ஃபுல்ஹாம் (1879) ஒரு ஞாயிறு பள்ளிக் குழு. கிளாஸ்கோவில் 1887-ல் செல்டிக் கிளப்பைத் தொடங்கிய பிரதர் வால்ஃபிரிட் ஒரு கத்தோலிக்கத் துறவி. ஏழைப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடப் பணம் வேண்டும் என்பதுதான் அவருடைய முதல் கவலை.

போல்ட்டன் வாண்டரர்ஸ் கதை இதில் தனி ரகம். 1874-ல் கிறைஸ்ட் சர்ச் ஞாயிறு பள்ளிப் பையன்கள் தொடங்கிய குழு அது. சபைக் கட்டிடத்தைப் பயன்படுத்துவதில் போதகர் போட்ட நிபந்தனைகள் பிடிக்காமல், 1877-ல் குழு மொத்தமாக வெளியேறிவிட்டது. போதகரை விட்டார்கள், பந்தை விடவில்லை! விளையாட்டு ஊழியத்தில் இறங்குகிற எவரும் இந்தக் கதையைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். ஆட்டத்துக்கென்று ஓர் ஈர்ப்பு இருக்கிறது. அது யாருடைய நோக்கத்துக்கும் கட்டுப்பட்டு உட்கார்ந்திருக்காது.

அதே நூற்றாண்டில் இத்தாலியில் இன்னொரு பாதை போடப்பட்டது. 1815-ல் டூரின் நகருக்கு அருகில் ஏழை விவசாயக் குடும்பத்தில் பிறந்த ஜான் போஸ்கோ, சந்தைகளில் வித்தை காட்டுபவர்களைப் பார்த்துப் பார்த்துத் தானும் கற்றுக்கொண்டார். இரண்டு மரங்களுக்கு நடுவே கயிறு கட்டி அதன்மேல் நடப்பார், கைமாற்று வித்தை காட்டுவார். பார்க்க வரும் ஊர்ப் பிள்ளைகள் காசு தர வேண்டாம், ஜெபமாலை சொல்ல வேண்டும், ஞாயிறு பிரசங்கத்தை இவர் திருப்பிச் சொல்லும்போது கேட்க வேண்டும். பிறகு குருவாகி, 1841-ல் டூரினில் தெருப் பையன்களைச் சேர்த்துப் பணியைத் தொடங்கியபோதும் இதே முறைதான். வீடு, பள்ளி, கோவில், விளையாட்டு முற்றம் என்ற நான்கும் சேர்ந்திருக்க வேண்டும் என்பது அவர் வழிவந்த துறவற சபையினரான சலேசியர்கள் இன்றும் சொல்வது. ஆசிரியர் முற்றத்து ஓரத்தில் நின்று வேடிக்கை பார்க்கக் கூடாது, பிள்ளைகளோடு ஓட வேண்டும். ஆட்டத்தின் நடுவே ஒரு பையனின் காதருகே குனிந்து ஒரே ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது, டான் போஸ்கோ என்று அழைக்கப்பட்ட அவருடைய பழக்கம். நீண்ட உபதேசம் கிடையாது. பிள்ளைகளை அறிந்த மனிதர்!

ஒய்.எம்.சி.ஏ. எனும் கிறிஸ்தவ வாலிபர் சங்கம் 1844-ல் லண்டனில் தொடங்கியது. விளையாட்டு ஊழிய வரலாற்றில் அதன் பங்கைத் தனியாகவே எழுதலாம், இங்கே ஒருவரை மட்டும் சொல்கிறேன். ஜேம்ஸ் நைஸ்மித் கனடாவில் இறையியல் படித்துக்கொண்டே ரக்பி ஆடியவர். ஓர் ஆட்டத்தில் பக்கத்தில் நின்ற தோழன் கோபத்தில் கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு, இவரைப் பார்த்ததும் மன்னிப்புக் கேட்டானாம். பிரசங்க மேடை ஏறாமலே ஒருவன் மேல் நல்ல தாக்கம் ஏற்படுத்தலாம் என்று அப்போது தோன்றியதாக நைஸ்மித் பின்னாளில் சொல்லியிருக்கிறார். 1891 டிசம்பரில், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில், பீச் பழக் கூடைகளை உயரத்தில் மாட்டி 13 விதிகளோடு அவர் உருவாக்கிய ஆட்டம்தான் கூடைப்பந்து. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடக் கூடாது, தோளால் இடிக்கக் கூடாது, தள்ளக் கூடாது. முரட்டுத்தனத்துக்கு இடம் கொடுக்காத ஆட்டமாக அதை யோசித்தே அமைத்தார். 1920-ல் ஹாரி குரோ பக் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியும் இதே மரபில் வந்ததுதான்.

ஏன் பிள்ளைகள், ஏன் ஆட்டம்

ஊழிய வட்டாரத்தில் '4/14 ஜன்னல்' என்று ஒரு பேச்சு அடிபடும். 4 வயதிலிருந்து 14 வயதுக்குள் மனதில் விதைப்பதுதான் நிற்கும், அதனால் அந்த வயதுப் பிள்ளைகள்மேல் அதிகக் கவனம் வைக்க வேண்டும் என்பது அதன் சாரம். இதே காரணத்தைத் திருப்பிப் போட்டு, அந்த வயதில் எதைச் சொன்னாலும் நம்பிவிடுவார்கள் என்பதால்தான் கூடுதல் எச்சரிக்கை வேண்டும் என்று விமர்சகர்கள் சொல்கிறார்கள். இரண்டு தரப்பும் பிள்ளை மனதைப் பற்றிச் சொல்வது ஒன்றையேதான்.

ஆட்டம் ஏன் என்பதற்கு விளக்கம் அதிகம் தேவையில்லை. மொழி தெரியாத ஊரிலும் ஒரு பந்தை உருட்டிவிட்டால் பிள்ளைகள் சேர்ந்துவிடுவார்கள். ஞாயிறு பள்ளிக்கு வரத் தயங்கும் வீட்டுப் பிள்ளையும் மைதானத்துக்கு வருவான். ஆனால் கூட்டம் சேர்ப்பது இதில் சின்ன விஷயம். வாரத்துக்கு இரண்டு நாள், ஒரு வருஷம் முழுக்க ஒரே பயிற்சியாளரிடம் ஆடும் பிள்ளை, அந்த மனிதர் கோபப்படுவதைப் பார்க்கிறான், தோற்கும்போது என்ன செய்கிறார் என்று பார்க்கிறான், நடுவர் தவறாகத் தீர்ப்புச் சொன்னால் அவர் வாயில் என்ன வருகிறது என்று கேட்கிறான். வகுப்பறையில் இதெல்லாம் வெளியே தெரியாது.

நடைமுறையில் எப்படி இருக்கும்

பொதுவான ஒரு பயிற்சி நாளை எடுத்துக்கொள்வோம். முதலில் உடலைச் சூடேற்றும் ஓட்டம், அப்புறம் பந்தைக் கடத்தும் பயிற்சி. பாதி நேரம் ஆனதும் விசில். தண்ணீர் குடித்துவிட்டு எல்லாரும் வட்டமாக உட்காருவார்கள். பயிற்சியாளர் ஐந்து பத்து நிமிடம் பேசுவார். நன்றாகச் செய்பவர் அன்றைய ஆட்டத்திலிருந்தே தொடங்குவார். "பந்து உன் காலில் இருந்துச்சு, பக்கத்துல அவன் சும்மா நின்னான். ஏன் கொடுக்கலை?" என்று கேட்டு, அங்கிருந்து தன்னலம் பற்றி, அப்புறம் ஒரு வேதாகமக் கதைக்குப் போவார். ஒரு வசனம், ஒரு சிறு ஜெபம், மறுபடி விசில். சரியாகச் செய்யாதவர் அரை மணி நேரம் இழுப்பார். பிள்ளைகள் புல்லைப் பிடுங்கிக்கொண்டிருப்பார்கள்.

நிரந்தரமாக நடக்கும் கிளப், லீக் வகை இது. அமெரிக்காவில் அப்வர்ட் ஸ்போர்ட்ஸ் என்ற அமைப்பு 1995 முதல் சபைகள் வழியாகச் சிறுவர் லீக்குகளை நடத்துகிறது. நன்றாக ஆடுபவன், ஆடத் தெரியாதவன் என்று பார்க்காமல் ஒவ்வொரு பிள்ளைக்கும் களத்தில் போதிய நேரம் கிடைக்கும்படி மாற்று ஆட்டக்காரர்களை இறக்குவது அவர்கள் முறையில் முக்கியமானது. எனக்கு இது வசனத்தைவிட உரத்த பிரசங்கமாகத் தோன்றுகிறது. கடவுள் எல்லாரையும் ஒன்றாக நேசிக்கிறார் என்று இடைவேளையில் சொல்லிவிட்டு, ஆட்டம் முழுக்க ஒரு பையனைப் பெஞ்சிலேயே உட்காரவைத்தால் அவன் எதை நம்புவான்?

இரண்டாவது வகை முகாம். விடுமுறை வேதாகமப் பள்ளி போல ஒரு வாரம் காலையில் ஆட்டம், பாட்டு, கதை. உலகக் கோப்பை, ஒலிம்பிக் நேரங்களில் இப்படிப்பட்டவை கூடும். நடத்துவது சுலபம், நிலைத்து நிற்பதுதான் சிரமம். வந்த குழு ஊருக்குத் திரும்பிவிடும், பிள்ளைகள் அங்கேயே இருப்பார்கள்.

மூன்றாவது, பிரபல வீரரை அழைத்து வந்து சாட்சி சொல்ல வைப்பது, அதாவது தன் விசுவாச அனுபவத்தைப் பேச வைப்பது. 1954-ல் அமெரிக்காவில் டான் மெக்கிளானன் என்ற பயிற்சியாளர் கிறிஸ்தவ விளையாட்டு வீரர்களுக்கான ஓர் அமைப்பைத் தொடங்கினார். சவரக் கிரீமையும் சிகரெட்டையும் விளம்பரம் செய்கிற வீரர்கள் ஏன் தங்கள் விசுவாசத்தைச் சொல்லக் கூடாது என்பது அவர் வாதம். சாமர்த்தியமான வாதம்தான், ஆனால் சிக்கலும் அதிலேயே இருக்கிறது. விளம்பரம் விளம்பரம்தான். அந்த வீரர் நாளை ஏதாவது வம்பில் மாட்டினால் பிள்ளையின் நம்பிக்கையும் சேர்ந்து ஆட்டம் காணும்.

ஆட்டத்தை மதித்த இருவர்

1891-ல் காஷ்மீரின் ஸ்ரீநகரில் மிஷன் பள்ளி நடத்திவந்த டிண்டேல் பிஸ்கோ ஒரு தோல் பந்தைக் கொண்டுவந்தார். பள்ளியில் பெரும்பாலும் பிராமணப் பையன்கள். தோல் தீட்டு, காலால்கூடத் தொட மாட்டோம் என்றார்கள். அவர் விடவில்லை. வற்புறுத்தி, ஆசிரியர்களைச் சுற்றி நிற்கவைத்து ஆட்டத்தைத் தொடங்கினார். பந்து ஒரு பையனின் முகத்தில் பட்டது. தீட்டாகிவிட்டதே என்று அவன் அழுதான். அவனைக் கால்வாய்க்குக் கூட்டிப்போய் முகம் கழுவிவிடச் சொல்லிவிட்டு ஆட்டத்தைத் தொடரவைத்தார். காலப்போக்கில் அந்தப் பையன்கள் கால்பந்திலும் படகோட்டுவதிலும் நீச்சலிலும் கெட்டிக்காரர்கள் ஆனார்கள், வெள்ளம் வந்தபோது ஜனங்களை மீட்கப் போனார்கள். மதம் மாறியவர்கள் மிகக் குறைவு. எண்ணிக்கையை எதிர்பார்த்த சில ஆதரவாளர்களுக்கு அது குறையாகப்பட்டது. நமக்கோ இன்று அந்தக் கட்டாயப்படுத்தல்தான் உறுத்துகிறது. ஒரு பிள்ளையின் வீட்டு நம்பிக்கையை மைதானத்தில் வைத்து உடைக்க யாருக்கு உரிமை? அதே சமயம், மனிதர்களை நல்ல மனிதர்களாக்கினால் போதும், மாறுவதும் மாறாததும் அவரவர் பாடு என்று அவர் ஆண்டுக்கணக்கில் அங்கேயே இருந்தார் என்பதையும் மறக்க முடியாது.

மற்றவர் எரிக் லிடல். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஞாயிற்றுக்கிழமை ஓட மாட்டேன் என்று 100 மீட்டர் ஓட்டத்தைத் துறந்து, 400 மீட்டரில் தங்கம் வென்றவர். அந்தக் கதை பலருக்குத் தெரியும். அதற்குப் பிறகு நடந்ததுதான் நம் விஷயத்துக்கு முக்கியம். சீனாவில் மிஷனரியாகப் போய்த் தியான்ஜினில் ஆசிரியராக இருந்தார். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர்கள் அவரை வெய்சியன் தடுப்பு முகாமில் அடைத்தார்கள். அங்கே பெற்றோரைப் பிரிந்த மிஷனரிப் பள்ளிப் பிள்ளைகள் நிறையப் பேர் இருந்தார்கள். பாடம் எடுத்தார், ஹாக்கி நடத்தினார், உடைந்த மட்டைகளை ஒட்டிக்கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் நடத்த மட்டும் அவர் சம்மதிக்கவில்லை. வாலிபர்கள் தாங்களாகவே ஒரு ஞாயிறு ஹாக்கி ஆடினார்கள். நடுவர் இல்லாததால் சண்டையில் முடிந்தது. அடுத்த ஞாயிறு லிடல் விசிலோடு வந்து நின்றார். தங்கப் பதக்க வாய்ப்புக்காக விட்டுக்கொடுக்காத ஞாயிறை, பிள்ளைகள் அடித்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக விட்டுக்கொடுத்தார். 1945 பிப்ரவரியில், 43 வயதில், மூளைக் கட்டியால் அந்த முகாமிலேயே இறந்தார். விளையாட்டு ஊழியம் பற்றி எத்தனை கையேடு படித்தாலும் இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்குமா என்று தெரியவில்லை.

எங்கே கோடு போடுவது

1989-ல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமை உடன்படிக்கையில் இரண்டு பிரிவுகள் இங்கே பொருந்தும். 31-ஆம் பிரிவு விளையாடுவதைப் பிள்ளையின் உரிமை என்கிறது. 14-ஆம் பிரிவு பிள்ளைக்குச் சிந்தனைச் சுதந்திரமும் மதச் சுதந்திரமும் உண்டு, அதில் வழிகாட்டும் உரிமையும் கடமையும் பெற்றோருக்கு உண்டு என்கிறது. ஆக, இலவசக் கால்பந்துப் பயிற்சி என்று மட்டும் நோட்டீஸ் அடித்துப் பிள்ளைகளைச் சேர்த்துவிட்டு, உள்ளே போன பிறகு வேதப் பாடம் நடத்துவது பெற்றோரை ஏமாற்றுவது. நோக்கம் எவ்வளவு புனிதமாக இருந்தாலும் அது ஏமாற்றுதான். "இது சபை நடத்தும் பயிற்சி, இடைவேளையில் பத்து நிமிடம் வேதாகமக் கதை சொல்வோம்" என்று விண்ணப்பத்திலேயே எழுதிக் கையெழுத்து வாங்குவதால் சிலர் வராமல் போகலாம். போகட்டும். சட்டம் இடத்துக்கு இடம் மாறும், அதையும் நடத்துபவர்கள் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும்.

இன்னொரு பழக்கம், கை தூக்கச் சொல்வது. "இயேசுவை ஏற்றுக்கொள்கிறவர்கள் கையைத் தூக்குங்கள்" என்றால் எட்டு வயதுப் பிள்ளை தூக்கத்தான் செய்வான். கோச்சுக்குப் பிடிக்க வேண்டும், பக்கத்துப் பையன் தூக்கிவிட்டான், தூக்காவிட்டால் அடுத்த ஆட்டத்தில் இறக்காமல் விட்டுவிடுவாரோ என்ற பயமும் இருக்கலாம். அந்தக் கைகளை எண்ணி, நன்கொடையாளர்களுக்கு அனுப்பும் அறிக்கையில் 'இரட்சிக்கப்பட்டவர்கள்' என்று எழுதுவது சபைக்குள்ளேயே பலருக்கு உறுத்தலான விஷயம். அதே பிள்ளை ஒவ்வொரு முகாமிலும் கை தூக்கியிருப்பான், ஒவ்வொரு முறையும் கணக்கில் ஏறியிருப்பான்.

பாதுகாப்பு பற்றி நீட்ட வேண்டியதில்லை, ஆனால் விட்டுவிடவும் முடியாது. விளையாட்டிலும் சரி, மத அமைப்பிலும் சரி, பெரியவர் மேல் பிள்ளை வைக்கும் நம்பிக்கை கேள்வி கேட்காதது. இரண்டும் சேரும் இடத்தில் ஆபத்தும் கூடும். அதனால் ஒரு பிள்ளையோடு ஒரு பெரியவர் தனியாக இருக்கக் கூடாது, பயிற்சியாளர்களின் பின்னணியை விசாரித்த பிறகே சேர்க்க வேண்டும், உடை மாற்றும் இடத்துக்கும் பயணத்துக்கும் தனி விதி வேண்டும், பெற்றோர் அனுமதியில்லாமல் படம் எடுத்துப் போடக் கூடாது. 'அவர் ஊழியக்காரர்தானே' என்பது இதில் எதற்கும் விலக்கு ஆகாது.

உங்கள் பிள்ளையை இப்படிப்பட்ட ஒன்றில் சேர்க்க யோசித்தால், ஒரு நாள் போய் ஓரமாக நின்று பாருங்கள். வேதப் பாடத்தைக் கேட்பதற்கு முன் ஆட்டத்தைப் பாருங்கள். பயிற்சியாளருக்கு ஆட்டம் தெரிகிறதா, தடுக்கி விழுந்தவனிடம் யார் முதலில் போகிறார்கள், கோல் விட்ட பையனிடம் அவர் என்ன பேசுகிறார். அப்புறம் நடத்துபவரிடம் நேராகவே கேளுங்கள்: கதை கேட்க விருப்பமில்லாத பிள்ளை அந்தப் பத்து நிமிடம் எங்கே இருப்பான், அடுத்த வாரமும் அவனுக்குக் களத்தில் அதே நேரம் கிடைக்குமா? "அதுக்கென்ன, அந்தப் பக்கம் பந்தைத் தட்டிக்கிட்டு இருக்கட்டும்" என்று சாதாரணமாகப் பதில் வந்தால், நீங்கள் எந்த மதத்தவராக இருந்தாலும், மற்ற விவரங்களை உட்கார்ந்து பேசலாம். பதில் சுற்றி வளைத்து வந்தால் வேறு மைதானம் தேடுங்கள்.